ஈ எங்கிருந்து வருகிறது?

போன மாரியில் ஒரே கிழமைக்குள் நம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் வரவில்லை. ஒன்பது பேருக்கும் வயிற்றோட்டம். எல்லோரும் ஆற்றுப்பக்கத்து லயத்துப் பிள்ளைகள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்ற தாய்மாருக்கு அந்த நாட்களுக்குப் பேரும் இல்லை.

நிர்வாகத்திடம் பேசப் போனோம். கிடைத்தது பழைய பதில்தான்: "உங்கள் ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது."

அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பரா. மலசலகூடம் என்று இருப்பது இரண்டு குழி. ஒன்றின் கூரைத் தகரம் காற்றில் போய் வருடக்கணக்காகிறது. இரண்டுக்கும் மூடி கிடையாது. கொஞ்சம் தள்ளி அடுப்படி. இதில் யாருக்குச் சுத்தம் தெரியவில்லை?

ஈயின் வேலையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் குழிக்குள் இடும். புழு மலத்தைத் தின்று வளரும். சூடான இடத்தில் பத்து நாள் போதும், மலைக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இறக்கை முளைத்ததும் வெளிச்சம் தெரியும் பக்கம் பறக்கும். கூரை இல்லாத, மூடி இல்லாத குழியில் வெளிச்சம் நாம் உட்காரும் துவாரத்தில்தான் தெரியும். அங்கிருந்து நேரே ரொட்டிக்கும் சம்பலுக்கும். ஈக்குப் பல் இல்லை. சாப்பாட்டின் மேல் எச்சிலைக் கக்கிக் கரைத்துத்தான் உறிஞ்சும். காலில் ஒட்டியிருப்பதும் அங்கேயே இறங்கும்.

பாகிஸ்தான் கிராமங்களில் மருந்தடித்து ஈயைக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். சிறுபிள்ளைகளின் வயிற்றோட்டம் 23 வீதம் குறைந்ததாக 1999இல் எழுதினார்கள். மீதிக்குத் தண்ணீரும் கையும் காரணம். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். மாட்டுப்பட்டிச் சாணமும் குப்பை மேடும் ஈயை வளர்க்கும். அது நம் பங்கு, மறுக்கவில்லை.

ஆனால் குழி யார் பங்கு? ஆபிரிக்காவில், இன்றைய சிம்பாப்வேயில், 1970களில் இரண்டு வகைக் குழிகளில் ஈயைப் பிடித்து எண்ணினார்கள். சாதாரணக் குழியில் 78 நாளில் 13,953 ஈ. காற்றுக் குழாய் பூட்டிய குழியில் 146. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கூரைக்கு மேலே நீளும் ஒரு குழாய், அதன் வாயில் நுண்வலை, உள்ளே இருட்டான அறை. குழிக்குள் பிறக்கும் ஈ குழாயின் வெளிச்சத்தைத் தேடி ஏறி வலையில் முட்டிச் சாகும். நாற்றமும் அந்த வழியே போய்விடும். தண்ணீர் ஊற்றும் கோப்பை வைத்தால் இன்னும் நல்லது, வளைவில் நிற்கும் தண்ணீரைத் தாண்டி ஈ வராது. ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் லயத்தில் அதைப் பேச முதலில் தண்ணீர் வேண்டும்.

நாமே வெட்டிக்கொள்ளலாம் என்றால் நிலம் நம்முடையது இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பின்பும் ஒரு குழி தோண்டத் துரையிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அனுமதி அவர்கள் கையில் இருந்தால் பொறுப்பும் அவர்களுடையதுதான். தோட்டத்துக்குள் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று பிரதேச சபைகள் சொல்லிவந்த காலமும் 2018 சட்டத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது. இரண்டு கதவையும் தட்டுவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி போகும்.

வரும் மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லயத்தில் எத்தனை காம்பரா, எத்தனை குழி, எத்தனைக்குக் கூரையும் மூடியும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். கடிதம் அந்தக் கணக்கோடுதான் போகும்.