மண்வாசனை என்னும் அவமதிப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் வங்கிக் குமாஸ்தா நான். சென்னை நண்பர்கள் முதலில் விசாரிப்பது பண்ணைப்புரத்தை: ‘அந்த மண்ணிலேயே சங்கீதம் இருக்கிறதோ?’ இல்லை. மண்ணில் இருப்பது திராட்சை, வாழை, தவணை தவறிய பயிர்க்கடன்.

இளையராஜாவைச் சிறுபத்திரிகைகள் சினிமா என்று ஒதுக்கின. அல்லது மண்ணின் மேதை என்று கும்பிட்டன. இரண்டும் ஒரே சோம்பல்தான். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் பயின்றார், ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளரானார், பிறர் பாட்டுகளுக்குக் கிட்டார் வாசித்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1986இல் ‘ஹௌ டு நேம் இட்’, தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சமர்ப்பணம். 2025இல் லண்டனில் சிம்பொனி.

இது பயிற்சியின் சரித்திரம். எலியட்டின் கவிதைக்குப் படிப்பைக் காரணம் காட்டும் நாம், இவருக்கு மட்டும் மண்ணையும் ரத்தத்தையும் காட்டுகிறோம். அந்தப் பாராட்டுக்குள் உட்கார்ந்திருப்பது ஜாதி. பிறவியில் வந்தது என்று சொல்லிவிட்டால், உழைத்துக் கற்றதை அங்கீகரிக்க வேண்டியதில்லை அல்லவா?

நானும் ஒருமுறை ‘மண்வாசனை’ என்று எழுதியவன். கவுண்டர்பாயிண்ட் என்றால் என்னவென்று அப்போது தெரியாது. இன்றும் அரைகுறைதான். ஆனால் எனக்குத் தெரியாததற்கெல்லாம் மண் என்று பெயரிடுவதை நிறுத்திவிட்டேன்.