ரத்தப் பரிசோதனைக் கருவி சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இலவச மருத்துவ முகாம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வரிசையில் நின்று விரலை நீட்டுகிறார். ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். சில விநாடிகளில் குளுக்கோமீட்டரில் ஓர் எண் தெரிகிறது. 'உங்களுக்குச் சர்க்கரை இல்லம்மா, போயிட்டு வாங்க' என்கிறார்கள். அவரும் நிம்மதியாக வீடு திரும்புகிறார். அந்த எண்ணே தவறாக இருந்தால் என்ன ஆகும்?

நம் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் ஆண்டுதோறும் இப்படிப் பல முகாம்களை நடத்துகின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்களும் வீடு வீடாகச் சென்று சர்க்கரை அளவு பார்க்கிறார்கள். இந்தப் பணிகளின் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கையில் இருக்கும் கருவி சரியாக அளக்கிறதா என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

2020 கற்றுத் தந்த பாடம்

கொரோனா பரவிய 2020 ஏப்ரலில், சீனாவிலிருந்து இறக்குமதியான ரேபிட் ஆன்டிபாடி கிட்கள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றைப் பயன்படுத்திய ராஜஸ்தான் அரசு, எதிர்பார்த்தது 90 சதவீதத் துல்லியம், கிடைத்தது 5.4 சதவீதம்தான் என்று அறிவித்தது. ஏப்ரல் 21 அன்று, இரண்டு நாட்களுக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆர். எல்லா மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது. களத்தில் மீண்டும் சோதித்தபோது முடிவுகள் பெரிதும் மாறுபட்டன. ஏப்ரல் 27 அன்று, இரண்டு சீன நிறுவனங்களின் கிட்களையும் திருப்பி அனுப்பும்படி உத்தரவு வந்தது. தங்கள் தயாரிப்பு தரமானது என்று அந்நிறுவனங்கள் வாதிட்டன.

தொடக்கச் சோதனையில் நம்பிக்கை தந்த ஒரு கருவி, அன்றாடப் பயன்பாட்டில் அதே முடிவைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2020 நமக்குச் சொன்ன பாடம் இதுதான்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. காசநோயைக் கண்டறிய கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் இயங்கக்கூடியது. அதை இந்தியா, எத்தியோப்பியா, பெரு, பப்புவா நியூ கினியா ஆகிய 4 நாடுகளின் ஆரம்ப நிலை மருத்துவ மையங்களிலேயே வைத்துச் சோதித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதை அங்கீகரித்தது. எங்கே பயன்படப் போகிறதோ அங்கேயே சோதித்துப் பார்த்ததுதான் இதன் சிறப்பு.

குளுக்கோமீட்டரின் எல்லைகள்

குளுக்கோமீட்டர்களுக்கு 2013இல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரம் ஒன்று உள்ளது. சர்க்கரை அளவு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால், 95 சதவீத முடிவுகள் உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது, உண்மையில் 120 இருப்பவருக்குக் கருவி 102 என்றும் காட்டலாம், 138 என்றும் காட்டலாம். இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவைதான். வெறும் வயிற்றில் 126 என்பது சர்க்கரை நோயைத் தீர்மானிக்கும் கோடு. ஆகவே, விரலில் குத்திப் பார்த்த எண்ணை மட்டும் வைத்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது.

நம் பகுதிக்கே உரிய சிக்கல்களும் இருக்கின்றன. பெரும்பாலான பரிசோதனைப் பட்டைகளை 30 டிகிரி வெப்பத்துக்குள் வைத்திருக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக் கோடையில் மூடிய காருக்குள்ளோ தகரக் கொட்டகையிலோ வைத்த பட்டை கெட்டுப்போக வாய்ப்புண்டு. கடற்கரைக் காற்றின் ஈரமும் அதைப் பாதிக்கும்.

அடுத்தது ரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. ரத்தசோகை இருந்தால் பல குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூடுதலாகக் காட்டும். வெயிலில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாகும்போது குறைவாகக் காட்டும். தருவைகுளம் உப்பளங்களில் உழைக்கும் பெண்களுக்கு இரண்டுமே நேரக்கூடியவை.

நோன்பாளிகளுக்கும் இது முக்கியம். சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. ரத்தசோகை உள்ளவருக்குக் கருவி கூடுதலாகக் காட்டினால் அந்த அபாயம் மறைந்துபோகும். ஆகவே தலைசுற்றல், வியர்வை, நடுக்கம் இருந்தால் கருவி காட்டும் எண் நன்றாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

ஆய்வகத்துக்குப் போகும் வழியில்

'அப்படியானால் ஊசி போட்டு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிடலாமே' என்று தோன்றும். அதிலும் கவனம் வேண்டும். குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலையில் கிராமத்தில் எடுத்த ரத்தம் 3 மணி நேரம் கழித்துத் தூத்துக்குடி ஆய்வகத்தை அடைந்தால், 135 என்பது 115க்கும் கீழே போய்விடலாம். லேபில் உள்ள கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாய் இந்த இழப்பைக் குறைக்கும். ஆனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுமையாகத் தடுக்காது. ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து விரைந்து கொண்டு சேர்ப்பதே நல்லது.

நல்ல ஆய்வகம் தன் கருவியை எப்படிச் சோதிக்கிறது? புதிய கருவி வந்ததும், ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டி ஒரே விடை வருகிறதா என்று பார்க்கும். குறைந்தது 40 நோயாளிகளின் மாதிரிகளைப் பழைய கருவியோடு ஒப்பிடும். பிறகு தினமும் காலையில், அளவு ஏற்கெனவே தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை ஓட்டி, விடையை வரைபடத்தில் குறிக்கும். கோடு விலகினால், காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகே நோயாளிகளின் ரத்தத்தைத் தொடும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு விடை தெரியாத மாதிரிகளை அனுப்பி, அவை தரும் முடிவுகளை ஒப்பிட்டுச் சொல்லும் திட்டத்தை நடத்துகிறது. இவையெல்லாம் கூடுதல் செலவுதான். சிறிய ஆய்வகங்கள் முதலில் கைவைப்பதும் இந்தச் செலவில்தான்.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் வந்தது. அதற்கான விதிகள் 2018இல் வந்தன. அதன்படி ஆய்வகங்கள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் என்.ஏ.பி.எல். தரச்சான்று பெறுவது கட்டாயமில்லை. கருவாட்டுக் கடைத் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும், அதைக் குறித்த காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். ரத்தத்தை அளக்கும் கருவிக்கு அதைவிடக் குறைந்த கண்காணிப்பு போதும் என்பதை எப்படி ஏற்க முடியும்?

நாம் செய்ய வேண்டியவை

முகாம் நடத்துவோர் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். வெயில் படாமல் பாதுகாக்க வேண்டும். தொடங்கும் முன் கன்ட்ரோல் திரவத்தை வைத்து ஒருமுறை சோதிக்க வேண்டும். சோதிக்க வருபவர்களைச் சோப்பால் கை கழுவித் துடைக்கச் சொல்ல வேண்டும். பேரீச்சம்பழம் எடுத்த கையில் குத்தினாலே சர்க்கரை கூடுதலாகக் காட்டும். சந்தேகத்துக்குரிய எண் வந்தவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, அவர்கள் போனார்களா என்றும் கேட்க வேண்டும்.

லேபுக்குப் போகும் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'இன்று காலை கன்ட்ரோல் ஓட்டினீர்களா?' முறையாக நடக்கும் ஆய்வகம் அந்த வரைபடத்தை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டும். எடை குறைந்தால் கடைக்காரரிடம் கேட்கும் நாம், நம் ரத்தத்தின் அளவைப் பற்றியும் கேட்கத் தயங்கக் கூடாது.