தூரிகையைப் பிடுங்க வேண்டாம்

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ரானி வுட் ஓவியமும் பயின்றவர். தம் குழுவினரான மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் முகங்களைப் பல்லாண்டுகளாகத் தீட்டி வருகிறார். அப்படங்களைக் கைப்பேசியில் கண்ட என் மதரஸா மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இதுபோல் வரைந்து விற்கலாமா?" என்று கேட்டார். கைத்திறன் மிக்க பிள்ளை. ஹராம் என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

உருவம் வரைந்தே பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்த செய்தி புகாரியில் உள்ளது. உருவம் சமைப்போர் குறித்த நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையைக் கேட்டு அவர் முகம் வெளிறியது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவருடைய பிழைப்பைப் பறிக்கவில்லை. மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். பிள்ளையின் தூரிகையைப் பிடுங்கி எறியும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தில் நல்லோரின் நினைவாக வைக்கப்பட்ட உருவங்களே பிற்காலத்தில் வணங்கப்பட்டன. ஜாகரை எவரும் வணங்குவதில்லை என்றார் மாணவர். உண்மைதான். ஆயினும் சுவரில் மாட்டிய முகத்தை வியந்து வியந்து பார்ப்பதும் உள்ளத்தில் ஓர் இடத்தைப் பிடிக்கத்தானே செய்கிறது? (இசை பற்றிய கேள்வி வேறு, அதைப் பிறிதொரு நாள் பேசுவோம்.)

அவர் பள்ளிவாசல் முற்றத்து வேப்பமரத்தை வரையத் தொடங்கியிருக்கிறார். முழுமனதோடு என்று சொல்லமாட்டேன்.