சீட் கிடைத்தால் மட்டும் போதுமா?

பிறவியிலேயே இரண்டு கைகளிலும் பல விரல்கள் இல்லாத ஒரு பட்டியல் சாதி மாணவர் 2024 நீட் தேர்வில் தேறினார். பட்டியல் சாதி மாற்றுத்திறனாளிக்கு உரிய இடத்தில் எம்.பி.பி.எஸ். சேர வந்தார். முடியாது என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடினார். டெல்லி எய்ம்ஸில் அவருக்கு இடம் தர வேண்டும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. அதற்குள் ஒரு கல்வியாண்டு கைவிட்டுப் போயிருந்தது.

மருத்துவம் படிக்க வருபவருக்கு இரண்டு கைகளும் பழுதில்லாமல், உணர்வோடும் வலுவோடும் இருக்க வேண்டும் என்றது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. அதே ஆண்டு பிப்ரவரியில் வேறொரு வழக்கில் இந்த விதியை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருந்தது. குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் பார்த்து யாரையும் வெளியேற்றக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரிலேயே சொல்லியும் இருந்தது.

சரி, சீட் கிடைத்துவிட்டது. பிறகு?

நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. காது மந்தமான மாணவிக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்டெதாஸ்கோப் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு விடுதியில் தரைத்தளத்து அறையும், வார்டுக்குப் போக ஓடுகிற லிஃப்டும் வேண்டும். எழுதும் வேகம் குறைந்தவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும். நீண்ட நேரம் நிற்க முடியாதவருக்கு இரவுப் பணியை மாற்றிப் போட வேண்டும். இவற்றில் பல, பணமே செலவாகாத ஏற்பாடுகள். இத்தகைய நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

ஆனால் கல்லூரிகளில் இதற்குப் பெயர் 'சலுகை'. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. இடஒதுக்கீட்டையும் அப்படித்தானே சொல்கிறார்கள்? சேரியிலிருந்து போகிற பிள்ளைக்கு முதல் வாரமே 'கோட்டா' என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் தரைத்தளத்து அறை வேண்டும் என்று வார்டனிடம் கேட்க நா எழுமா? காலை இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறுவார், கேட்க மாட்டார். பிறகு அவர் தேர்வில் தவறினால், இவர்களால் முடியாது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுவார்கள். சாதியும் உடற்குறையும் ஒரே ஆள் மேல் ஏறி உட்காரும்போது சுமை இப்படித்தான் கூடுகிறது.

நோயாளியின் பாதுகாப்பு என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மருத்துவர் எல்லோரும் அறுவை செய்பவர்கள் அல்லர். போலியோவால் எட்டு வயதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கும் மும்பைப் புற்றுநோய் மருத்துவர் சுரேஷ் அத்வானிக்கும் மருத்துவக் கல்லூரியில் முதலில் இடம் மறுக்கப்பட்டது. இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன்னோடி அவர்தான்.

எனவே கல்லூரி முதல்வர்கள் மாணவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சேர்க்கை நாளன்றே அவரை உட்காரவைத்து, என்ன தேவை என்று கேட்டு, எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். துறைத் தலைவர்களுக்கும் விடுதிக்கும் அதன் நகல் போக வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்றுக்காகக் குறிப்பிட்ட சில மையங்களுக்கு அலைந்து, கூலிப் பணத்தைப் பேருந்துக்குக் கொடுத்த குடும்பத்தை மறுபடி அலையவிடக் கூடாது.

இந்த ஆண்டு சேரப்போகும் மாணவர்களுக்கு ஒன்று: தேவையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். முதல்வருக்கு மனுவாக எழுதிக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கே முதலில் கேட்பது அந்த மனுவின் நகலைத்தான். அதில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டுக் கிளம்ப வேண்டாம்.