பத்து நாள் லாபமும் மேஜைக் கமிஷனும்

சூதில் தோற்றவனைப் பற்றி உலகம் எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆரம்பத்திலேயே ஜெயித்தவனைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும். முதல் நாளே கைப்பணத்தை இழந்தவன் பெரும்பாலும் புத்தி தெளிந்து வீட்டுக்குப் போய்விடுகிறான். ஜெயித்தவன்தான் மறுநாளும் வருகிறான். அவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 1931-ம் ஆண்டிலேயே சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டது. அங்கே லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட மாளிகைகளில் போக்கர் ஆட்டத்துக்கென்று தனி மேஜைகள் உண்டு. மிகச் சின்ன மேஜைகளில் ஒன்று, ‘ஒன்று-இரண்டு டாலர்’ மேஜை. ஒன்பது பேர் சுற்றி உட்காருகிறார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்து வலுவான கை காட்டுகிறவனுக்கோ, மற்றவர்களை மிரட்டிச் சீட்டைக் கீழே போடவைத்தவனுக்கோ நடுவில் குவிந்த பணம் சேரும். இதுதான் ஆட்டம்.

புதிதாக வந்த ஒருவன், நாளுக்கு நாலு மணி நேரமாகப் பத்து நாள் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் லாபம், மூன்று நாள் நஷ்டம். மொத்தத்தில் சில நூறு டாலர் மிச்சம். “எனக்கு இந்த ஆட்டம் வருகிறது” என்று அவன் முடிவு கட்டுகிறான். அந்த முடிவு சரிதானா?

பூவா தலையா கணக்கு

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. 1,024 பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் பத்து முறை காசு சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் ஜெயம். பத்தில் ஏழோ அதற்கு மேலோ ஜெயித்தவர்கள் கணக்குப்படி 176 பேர் இருப்பார்கள். ஒருவன் பத்துக்குப் பத்து ஜெயித்திருப்பான்! அந்த 176 பேருக்கும் காசு சுண்டுவதில் ஏதாவது தனித் திறமை உண்டா? இல்லவே இல்லை. ஆனால் அவர்களைத் தனித்தனியே கேட்டால், ஆளுக்கொரு ரகசியம் சொல்லுவார்கள்.

சீட்டுக் கணக்கையும் பாருங்கள். மேஜையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டம் நடக்கும். பத்து நாளில் 40 மணி நேரம், 1,200 ஆட்டம். எல்லாவற்றிலும் உயர்ந்த ஜோடியான இரண்டு ஏஸ், 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் கைக்கு வரும். ஆகவே பத்து நாளில் சுமார் ஐந்து முறை. அதில் ஒரு முறை எதிராளியிடம் இரண்டு ராஜா இருக்கிறது. இருவரும் கையிலுள்ள 200 டாலரையும் வைத்துவிடுகிறார்கள். ஏஸ் வைத்திருப்பவன் ஐந்தில் நான்கு முறை ஜெயிப்பான். ஒரு முறை தோற்பான். ஜெயித்தால் 200 வரவு, தோற்றால் 200 நஷ்டம். இரண்டுக்கும் இடையே 400 டாலர் வித்தியாசம்! பத்து நாள் லாபம் முழுவதையும் இப்படி ஒரே ஒரு சீட்டு தலைகீழாகப் புரட்டிவிடும்.

நெசவுத் தொழிலாளியின் திறமையை ஒரு ஷிப்டு முடிவதற்குள் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். நூல் அறுந்தால் ஏன் அறுந்தது என்று அவருக்குத் தெரியும். போக்கரில் அப்படியில்லை. சரியாக ஆடியவன் தோற்கிறான். தப்பாக ஆடியவன் ஜெயித்துவிட்டு, தான் ஆடியதே சரி என்று நினைக்கிறான். ஒரு மழையை வைத்து வருஷத்து மகசூலைச் சொல்லும் விவசாயி உண்டா? பத்து நாள் ஆட்டமும் அந்த ஒரு மழைதான்.

துவாரத்தில் விழும் பணம்

சரி, யாரும் பேசாத ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் குவிந்த பணத்திலிருந்து மாளிகை ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நெவாடா விதிப்படி நூற்றுக்குப் பத்து வரை எடுக்கலாம். சின்ன மேஜைகளில் நாலைந்து டாலர் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். மேஜையில் ஒரு துவாரம். அதன் கீழே பூட்டிய பெட்டி. பணம் அதற்குள் விழுந்துவிடும்.

சராசரி 4 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 ஆட்டம், 120 டாலர். நாலு மணி நேரத்தில் 480 டாலர். ஒன்பது பேரும் ஆளுக்கு 200 டாலர் கொண்டுவந்திருந்தால் மேஜையில் இருந்தது 1,800 டாலர். அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் துவாரத்தில் போயாயிற்று! ஆளுக்கு மணிக்கு 13 டாலருக்கு மேல். பத்து நாளில் ஒருவன் பங்கு 533 டாலர். சீட்டுப் போடும் தொழிலாளிக்கு ஜெயித்தவன் தரும் இனாம் இதில் சேராது. அவர் சம்பளத்தில் பெரும் பகுதி அந்த இனாம்தான். அதை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை.

தறியிலிருந்து துணி வருகிறது. வயலிலிருந்து நெல் வருகிறது. இந்த மேஜையிலிருந்து என்ன வருகிறது? ஒன்பது பேர் கொண்டுவந்த பணம் கைமாறுகிறது, குறைகிறது. அவ்வளவுதான்.

திறமை ஆட்டமல்லவா?

“போக்கர் வெறும் அதிர்ஷ்டமல்ல, திறமை ஆட்டம்” என்று சிலர் வாதிக்கிறார்கள். வாஸ்தவம்தான். மோசமான சீட்டைப் பொறுமையாகக் கீழே போடுகிறவனும், எதிராளியின் போக்கை அறிந்தவனும் நாள்பட்ட கணக்கில் முன்னேறுகிறார்கள். சென்னை உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றே தீர்ப்பளித்து, 2022-ம் ஆண்டுத் தமிழ்நாட்டு இணையச் சூதாட்டச் சட்டத்தின் தடைப் பட்டியல் அவற்றுக்குச் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது.

ஆனால் கேள்வி வேறு. திறமை உண்டு என்பதால் அந்தத் திறமை உன்னிடம் இருக்கிறது என்று ஆகிவிடுமா? திறமைசாலி எடுக்கும் பணம் யாருடையது? திறமை இல்லாதவனுடையது. அதிலும் முதல் 13 டாலர் மாளிகைக்கு. அதற்கு மேல் ஜெயித்தால்தான் அவனுக்கே லாபம்.

2003-ம் ஆண்டு லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், சிறு தொகை கட்டி இணைய ஆட்டத்தின் மூலம் நுழைந்து, 25 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் மேஜைக்கு ஓடினார்கள். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். பட்டம் கிடைக்காத 838 பேரின் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஆகவே ஆரம்பத்தில் ஜெயித்தவனுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. ஆடிய மணி நேரம், போட்ட பணம், எடுத்த பணம், கொடுத்த இனாம், சாப்பாடு, வண்டிச் செலவு எல்லாவற்றையும் எழுது. தோற்ற நாளை முதலில் எழுது. நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும் வரை எந்த முடிவும் கட்டாதே. வாடகைப் பணத்தையும் குழந்தையின் பள்ளிக்கூடப் பணத்தையும் அந்த மேஜைக்குக் கொண்டுபோகாதே. பத்து நாள் லாபத்தை நம்பி வேலையை விடாதே.

அந்த மேஜையில் அதிர்ஷ்டம் தேவைப்படாதது ஒன்றே ஒன்றுதான். அது மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டி.