ஆரல் ஏரியின் மீனழிவு: அறியாமையா, அசட்டையா?

மீன் வாங்கச் செல்லும் எவரும் முதலிற் செய்வது, செவுள்மூடியை விரலால் நிமிர்த்திப் பூவின் நிறத்தைப் பார்ப்பதேயாகும். பூ சிவந்திருந்தால் மீனை வாங்குவர். வெளிறியிருந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குச் செல்வர். எழுத்தறியாத மூதாட்டியும் அறிந்த சோதனை இது. ஆனால், ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொரு நீர்நிலைக்கு மீனினங்களைக் கொண்டுசென்ற நிருவாகிகளும் நிபுணர்களும் இச்சோதனையைச் செய்யத் தவறியதால் ஓர் ஏரியின் மீன்வளம் சிதைந்த வரலாறு உண்டு. அவ்வரலாறு பலராலும் மறக்கப்பட்டதோடு, நினைவுகூருவோராலும் பிழையாகவே விளக்கப்பட்டு வருகின்றது.

மத்திய ஆசியாவின் ஆரல், பெயரளவிற் கடலாயினும் உண்மையில் ஓர் ஏரியே. 1960 ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாய், உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கியது. அதன் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பே இருந்தது. சமுத்திர நீரின் உப்பளவோடு ஒப்பிடுகையில் இது மூன்றில் ஒரு பங்கிலும் குறைவாகும். சிர் தரியா, அமு தரியா எனும் இரு பேராறுகள் அதற்கு நன்னீரை வழங்கின. அந்த ஏரியில் வாழ்ந்த ஸ்டேர்ஜன் குடும்பத்து மீன் ஒன்றே. உருசியர் அதனை 'ஷிப்' என்பர். முள் என்பது அச்சொல்லின் பொருள். ஏரியில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆற்றின் நன்னீரை நாடிச் செல்லும் இம்மீன், கரையோர மீனவர்க்கு நல்ல வருவாய் தந்தது.

ஒரு ஸ்டேர்ஜன் இனம் வாழும் ஏரியில் இன்னோர் ஸ்டேர்ஜன் இனமும் வாழுமெனில் விளைச்சல் பெருகும் என்பது திட்டமிட்டோர் கணக்கு. 1930 களின் முற்பகுதியில், கஸ்பியன் கடலிலிருந்து 'செவ்ரூகா' எனப்படும் ஸ்டேர்ஜன் மீன்கள் ஆரலுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் பூக்களில் ஒட்டியவாறு, எவராலும் எண்ணப்படாத ஒரு புழுவும் உடன்வந்தது. நிட்ஷியா ஸ்டூரியோனிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1936 ஆம் ஆண்டில் ஆரலின் ஷிப் மீன்கள் பெருந்தொகையாக மாண்டன. லெனின்கிராட்டைச் சேர்ந்த ஒட்டுண்ணியியல் அறிஞர் டோகியலும் அவருடன் பணியாற்றிய லுட்டாவும் இறந்த மீன்களை ஆராய்ந்து, அப்புழுவே காரணம் என்பதை 1937 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். ஒரே மீனில் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒட்டியிருந்தன.

இப்புழு எவ்வாறு கொல்கின்றது என்பதை விளங்கிக்கொள்வதற்கு விலங்கியல் பட்டம் வேண்டியதில்லை. மீனின் பூ என்பது மிக மெல்லிய இழைகளின் அடுக்கு. நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குருதியை எளிதிற் சேரும்பொருட்டு, குருதிக்கும் நீருக்கும் இடையே மிக மெல்லிய ஒரு தோலே உள்ளது. மீன் மூச்சுவிடும் வாயில் எதுவோ, அதுவே அதன் அரண்களில் நலிந்த அரணுமாகும். பின்னுடலிலுள்ள ஒட்டும் தட்டினால் புழு அங்கே பற்றிக்கொண்டு, இழையத்தையும் குருதியையும் உணவாக்கிக்கொள்கின்றது. ஒன்றிரண்டாயின் மீன் தாங்கும். நூற்றுக்கணக்காயின் குருதி வற்றி, மூச்சுத் திணறி மடியும். மேலும், இவ்வகைப் புழுவின் வாழ்க்கை வட்டத்திற்கு நத்தையோ வேறு இடைவிருந்து வழங்கியோ தேவையில்லை. நீரில் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் நீந்தும் குடம்பி, அடுத்த மீனைத் தானே தேடி அடைகின்றது. ஆகவே, மீன் சென்ற இடமெல்லாம் புழுவும் செல்லும். சென்ற இடத்திற் பெருகுவதற்கு ஏற்ற மீன் ஒன்றே போதும்.

இவ்வழிவைக் குறித்து மூன்று சமாதானங்கள் கூறப்படுவதுண்டு. அக்காலத்தில் இவையெல்லாம் எவருக்குந் தெரியாது என்பது முதலாவது. மக்களுக்கு உணவு வேண்டியிருந்தமையால் துணிந்து செயற்பட வேண்டியிருந்தது என்பது இரண்டாவது. ஆரல் பின்னர் வற்றியே போயிற்று, ஆதலின் ஒரு மீனுக்காக வருந்துவதிற் பயனில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் நியாயங்கள் போலத் தோன்றினும், ஆராயுமிடத்து ஒன்றேனும் நிலைபெறாது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். இப்புழு 1936 இல் திடீரெனத் தோன்றிய புதுமையன்று. டென்மார்க்கைச் சேர்ந்த கால்நடை மருத்துவ அறிஞர் அபில்கார்ட் என்பவர் 1794 ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்துப் பெயரிட்டுவிட்டார். அப்பெயரின் பிற்பகுதியான 'ஸ்டூரியோனிஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'ஸ்டேர்ஜனுக்குரியது' என்பதே பொருள். ஏறத்தாழ 140 ஆண்டுகளாக நூல்களில் நிலைபெற்றிருந்த பெயரே, எந்த மீனில் இதனைத் தேடவேண்டும் என்பதை அறிவித்துக்கொண்டிருந்தது. ஸ்டேர்ஜனை இடம்மாற்றுவோர் ஸ்டேர்ஜனின் பெயர் தாங்கிய ஒட்டுண்ணியை அறியாதிருந்தனர் எனில், அதனை அறியாமை என்பது பொருந்தாது. அறிவு நூலகத்தில் இருந்தது. தீர்மானம் அலுவலகத்தில் எடுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே நடந்துசென்று கேட்பார் எவரும் இருக்கவில்லை. இதற்குரிய பெயர் அசட்டை.

கஸ்பியனில் இப்புழு மீன்களை அழிக்கவில்லையே, ஆரலில் அழிக்குமென எவ்வாறு எதிர்பார்ப்பது என்று சிலர் வினவக்கூடும். வலுவான வினா இது. ஷிப் மீன் கஸ்பியனிலும் உண்டு. அங்கே அதே இனம் அதே புழுவோடு நெடுங்காலம் வாழ்ந்து வந்துள்ளது. ஆரலின் ஷிப் அப்புழுவைக் கண்டதேயில்லை. இனம் ஒன்றாயினும் வரலாறு வேறு. புழுவும் மீனும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று தாங்கப் பழகிய இடத்தில் ஒட்டுண்ணி ஒரு சுமை மாத்திரமே; அப்பழக்கமில்லாத இடத்தில் அதுவே கொள்ளைநோய். ஓர் உயிரின் இயல்பை அதன் வரலாற்றிலிருந்து பிரித்து அறியமுடியாது என்ற இவ்வுண்மை, மானிட சமுதாயங்களைக் கற்போருக்குப் புதியதன்று. புறத்தேயிருந்து வந்தோர் கொணர்ந்த பெரியம்மை அமெரிக்கக் கண்டத்தின் ஆதிக்குடிகளுக்குச் செய்த அழிவு நெடுங்காலத்துக்கு முன்னரே எழுதப்பட்டாயிற்று. அதனைப் படித்தவர்கள் மீனைப்பற்றியும் அவ்வாறே சிந்தித்திருக்கலாம்.

இரண்டாவது சமாதானம் உணவைப் பற்றியது. பசியை எவரும் எள்ளி நகையாட முடியாது. ஆனால், பசியின் பெயராற் செய்யப்பட்டது பசியைத் தீர்த்ததா என்பதே கேள்வி. கொண்டுவரப்பட்ட செவ்ரூகா ஆரலில் நிலைபெறவேயில்லை. நிலைபெற்றது புழு மாத்திரமே. ஷிப் மீன்பிடியோ பழைய நிலைக்கு மீளவில்லை. வரவேண்டிய மீன் வரவில்லை, இருந்த மீனும் போயிற்று என்றால், உணவை முன்னிட்டுக் கூறப்படும் நியாயம் உணவையே சாட்சியாகக்கொண்டு தோற்றுப்போகின்றது. நட்டத்தைச் சுமந்தவர் யார்? திட்டத்தை வரைந்தவர்கள் வேறு திட்டங்களுக்குச் சென்றனர். வலையை வெறுமையாக இழுத்தவர்கள் கரையிலேயே இருந்தனர்.

இவ்விடத்தில் இன்னொன்றும் மனங்கொள்ளத் தக்கது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், ஆரல் வடிநிலத்தின் ஷிப் மீன்கள் கிழக்கேயுள்ள பால்கஷ் ஏரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆரலில் கொள்ளைநோய் வெடிப்பதற்கு முன்னரே நிகழ்ந்த இடமாற்றம் அது. ஆரலின் ஷிப் பிற்காலத்தில் தன் சொந்த ஏரியில் அற்றுப்போக, அதன் வழிவந்தவை புகுந்த ஏரியில் எஞ்சின. இடமாற்றம் யாவும் தீது என்று வாதிடுவோருக்கு இது மறுப்பு. எவ்வாறு மாற்றினும் நன்றே என்போருக்கும் இதுவே மறுப்பு. மாற்றுவதா, மாற்றாது விடுவதா என்பதன்று பிரச்சினை. மாற்றுமுன் பூவைப் பார்த்தார்களா என்பதே பிரச்சினை.

மூன்றாவது சமாதானமே மூன்றிலும் கொடியது. 1960 ஆம் ஆண்டு முதலாகப் பருத்திச் செய்கையின்பொருட்டு ஆறுகளின் நீர் பெருமளவிற் திருப்பப்பட, ஆரல் வற்றத் தொடங்கியது. 1980 களின் பிற்பகுதியில் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பேரழிவின் நிழலில் 1936 ஆம் ஆண்டின் அழிவு மறைந்துபோயிற்று. ஆனால், முன்னது பின்னதற்கு 24 ஆண்டுகள் முந்தியது. நீர் நிறைந்து ததும்பிய நாளிலேயே ஏரி முதலடியை வாங்கிவிட்டது. இரண்டையும் வேறுவேறு விபத்துகளாகக் காண்பது தவறு. ஏரியை ஒரு வெறும் பாத்திரமாகக் கருதி, இதில் இன்னொரு மீனை இட்டால் இத்தனை தொன் கூடும் என்று கணக்கிட்ட அதே மனப்பாங்குதான், இதிலிருந்து இவ்வளவு நீரை எடுத்தால் இத்தனை தொன் பருத்தி கூடும் என்றும் கணக்கிட்டது. முதற் பாடத்தைக் கற்றிருந்தால் இரண்டாம் பாடம் அத்துணை விலையுயர்ந்ததாக இருந்திராது. வீடு எரிந்துபோனமையால் முன்னர் நிகழ்ந்த களவை விசாரிக்க வேண்டியதில்லை என்பது எந்த ஊர் நீதி?

இது ஒரு குறிப்பிட்ட ஆட்சிமுறையின் குற்றமென்று கூறி அமைதியடைவதற்கும் இடமில்லை. முதலாளித்துவ நாடாகிய நோர்வேயில் 1970 களில் இதே கதை வேறு உருவில் நிகழ்ந்தது. பூவையன்றித் தோலையும் துடுப்பையும் பற்றும் கைரோடக்டிலஸ் சலாரிஸ் எனும் நுண்புழு, போல்டிக் பகுதியிலிருந்து இளமீன்களோடு வந்துசேர்ந்தது. போல்டிக்கின் சல்மன் மீன் தாங்கிய அப்புழுவை நோர்வேயின் சல்மன் தாங்கவில்லை. அதனை ஒழிப்பதற்கு ஆறுகளில் ரொட்டினோன் எனும் நஞ்சை இட்டு, இருந்த மீன்களையெல்லாம் கொல்லவேண்டியதாயிற்று. கொடி வேறு, சித்தாந்தம் வேறு. கணக்கெழுதிய முறை ஒன்றே.

இலங்கை வாசகர் இதனைத் தூரத்து நாட்டுக் கதையாகக் கொள்ளலாகாது. இந்நாட்டின் குளங்களில் இன்று பெரும்பாலும் பிடிபடும் திலாப்பியா, ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மீன். 1952 ஆம் ஆண்டில் அது இங்கு அறிமுகப்படுத்தப்பட்டது. உலர்வலயத்து ஏழை மக்களுக்கு அது மலிவான புரதத்தையும் பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தொழிலையும் தந்தது என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயல். எனினும், திலாப்பியாவின் பூக்களுக்கே உரிய சிக்லிடோகைரஸ் எனும் ஆபிரிக்கப் புழுக்கள், அம்மீன் புகுந்த நாடுகள் பலவற்றிலும் அதனுடன் புகுந்துள்ளன. மெக்சிகோவிலும் மடகாஸ்கரிலும் அங்குள்ள சுதேச சிக்லிட் மீன்களின் பூக்களுக்கே அவை தாவியுள்ளமை கண்டறியப்பட்டுள்ளது. இலங்கைக்கேயுரிய சிறு மீனினங்கள் பல, ஓரிரு ஓடைகளுக்குள் ஒடுங்கி வாழ்பவை. அவற்றுள் ஒன்று அழியுமெனில் மாற்றுக் கொண்டுவருவதற்கு உலகில் வேறு இடமில்லை. உணவுக்கென்றும் அலங்காரத்துக்கென்றும் புதிய மீனினங்களைக் கொண்டுவரும் எண்ணம் எழும்போதெல்லாம், எத்தனை தொன், எத்தனை டொலர் என்ற கேள்விகளுக்கு முன்னதாக, அதன் பூவில் என்ன உண்டு என்ற கேள்வி எழுப்பப்படவேண்டும்.

அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வளர்ந்த மீனுக்குப் பதிலாகக் கருக்கட்டிய முட்டைகளைக் கொண்டுவருதல், வந்தவற்றைத் தனித்தொட்டியிற் போதிய காலம் தடுத்துவைத்தல், சிலவற்றின் பூவை வெட்டி நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்குதல் ஆகியவை போதும். பல்கலைக்கழகத்தின் எந்த விலங்கியல் ஆய்வுகூடத்திலும் இது இயலும். இல்லாதது கருவியன்று, கேட்கும் வழக்கமே இல்லாதது.

அவ்வழக்கத்தை உருவாக்குவது விலங்கியல் மாணவரின் கடமை மாத்திரமன்று. புழுவை இனங்காண்பது விஞ்ஞானம். ஆனால், யாரைக் கேட்டு மீனை மாற்றினர், யார் இலாபமடைந்தனர், யார் நட்டப்பட்டனர், ஏன் எவரும் பொறுப்பேற்கவில்லை என்பவை வரலாறும் பொருளியலும் சமூகவியலும் கேட்கவேண்டிய கேள்விகள். இது எமது துறையன்று என்று கலைப்பீடத்தாரும், தீர்மானம் எடுப்பது எமது வேலையன்று என்று விஞ்ஞானபீடத்தாரும் ஒதுங்கிக்கொள்வார்களாயின், 1794 இல் எழுதப்பட்ட பெயரை 1936 வரை எவரும் வாசியாதிருந்த அதே நூலகம் இங்கும் பூட்டியே கிடக்கும்.

ஆரலின் புழுவைப் பகைவனென ஏசுவதிற் பொருளில்லை. அது தன் தாயகத்தில் தன் அளவோடு வாழ்ந்த உயிர். அதனை வண்டியேற்றி அனுப்பியவர் மனிதர். சந்தையில் ஒரு மீனுக்குப் பணங்கொடுக்குமுன் மூதாட்டி காட்டும் எச்சரிக்கையை, ஓர் ஏரி முழுவதையும் பணயம் வைக்குமுன் ஓர் அரசு காட்டவேண்டுமென்று கேட்பது மிகையான கோரிக்கையன்று. அதனைக் கேளாதிருப்பதே குற்றம்.