தண்ணீரே தராசு

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கூறுக என்றால் நீங்கள் தூக்கத்தில்கூட ஒப்பித்துவிடுவீர்கள். நல்லது. இதோ ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு வாளித் தண்ணீர், ஓர் அடிக்கோல். தராசு கிடையாது. இந்த மாம்பழத்தின் எடையைச் சொல்லுங்கள், பார்க்கலாம்!

திகைக்கிறீர்களா? குறை உங்களிடம் இல்லை. இந்தப் பாடத்தை நாம் படிக்கும் முறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அரசனின் மகுடக் கதையை எல்லாரும் சொல்கிறோம். அது மூழ்கும் பொருளின் கதை. மிதக்கும் பொருளின் கணக்கு இன்னும் எளிது. பொருளின் எடை அதைக் கீழே இழுக்கிறது. நீர் அதை மேலே தள்ளுகிறது. பொருள் அசையாமல் மிதந்தால் இரண்டும் சமம். நீர் தள்ளும் விசையோ, வெளியேறிய நீரின் எடைக்குச் சமம். ஆகவே, வெளியேறிய நீரை அளந்தால் பொருளையே நிறுத்ததாகிவிடும்.

செய்து பாருங்கள். பக்கங்கள் செங்குத்தாக உள்ள டப்பாவை எடுங்கள். அதன் அடிப்பாகம் 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். சாயாமல் மிதக்க, அடியில் சிறிது மணலைப் பரப்புங்கள். மிதக்கவிட்டு, நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். மாம்பழத்தை நடுவில் வைத்து மறுபடியும் கோடு போடுங்கள். டப்பா 2 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்திருந்தால், வெளியேறிய நீர் 15 × 10 × 2 = 300 கன செ.மீ. ஒரு கன செ.மீ. நீரின் எடை 1 கிராம். எனவே மாம்பழம் 300 கிராம்! கோடு 1 மி.மீ. தவறினால் 15 கிராம் பிழை வரும். அடிப்பரப்பு சிறியதானால் இப்பிழை குறையும். ஏன் என்று நீங்களே யோசியுங்கள்.

“கடையில் தராசு இருக்கும்போது இது எதற்கு?” என்பீர்கள். சரி, கப்பலை எந்தத் தராசில் வைப்பது? நிலக்கரி போன்ற சரக்கை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும், கப்பலின் பக்கங்களிலுள்ள அளவுக்குறிகளைப் படித்தே அதன் எடையைக் கணக்கிடுகிறார்கள். 200 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பெட்டி வடிவ மிதவை, கடல்நீரில் 1 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்தால் ஏறிய சுமை சுமார் 61 டன்!

இதில் உயிர்களும் அடங்கியுள்ளன. 19ஆம் நூற்றாண்டில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய பிரிட்டிஷ் கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கின. நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் இதை எதிர்த்துப் போராடினார். 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல்களில் சுமைக்கோட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதை உரிமையாளரிடமே விட்டுவிட்டது! பின்னர் வந்த சட்டமே அந்த இடத்தையும் வரையறுத்தது. அளந்து போடாத கோடு யாரையும் காக்காது. செய்து பார்க்காத தத்துவமும் அப்படித்தான்.

தேர்வில் “தத்துவத்தைக் கூறுக” என்பதோடு “இதை நிறுத்துக் காட்டுக” என்றும் கேட்கவேண்டும். அதுவரை நீங்கள் காத்திருக்கவேண்டாம். அடுத்த முறை படகுத்துறைக்குப் போனால், ஒவ்வொருவராக ஏற ஏறப் படகு எவ்வளவு அமிழ்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர் அவர்களை நிறுத்துக்கொண்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு அது விடையையும் சொல்லும், எச்சரிக்கையும் செய்யும்.